மாலையைக் கழற்றச் சொன்ன சம்பந்தி

"இவரு உசுரோட கீறாரா, இல்லியா? நல்லா பாத்துச் சொல்லும்மா."

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்த கனகவல்லி அக்கா, புருஷனைக் கையோடு இழுத்து வந்து என் முன்னால் நிறுத்திவிட்டுக் கேட்டார். காலை நேரம். கிரைண்டரிலிருந்து இட்லி மாவை வழித்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் மாவு. எதிரே தணிகாசலம் அண்ணன் சலவை வேட்டி சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக நின்று சிரித்தார்.

"சிரிக்காதய்யா" என்றார் அக்கா.

உயிரோடுதான் இருக்கிறார் என்று நான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? கண்ணெதிரே நிற்கிறார், பான்பராக் வாசனைகூட வருகிறது.

"அப்பறம் இன்னாத்துக்கு அவரு போட்டோவுக்கு வாரா வாரம் மாலை போட்டுகினு கீறீங்க? இத்தினி நாளா நான் வாயத் தொறந்தேனா? இப்போ எம் பொண்ணு கல்யாணமே நின்னு போவுது."

போட்டோ மாலைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. மாவுக் கையை எங்கே துடைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

ஆள் பிடிக்கிற அக்கா

சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தோழி போனில் சண்டைக்கு வந்தாள். சீரியலுக்கு நடிகர் பிடித்துக் கொடுத்தவள் டாக்குமெண்டரிக்காரி ஆனது எப்படி என்று சொல்லாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டே போகிறாயே என்றாள். நானும் அதைச் சொல்லத்தான் பார்க்கிறேன். ஆனால் எப்போது ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று எனக்கே தெரியாது. யோசிக்கும்போதெல்லாம் அந்த மாவுக் கைதான் முதலில் ஞாபகம் வருகிறது.

நான் செய்த வேலைக்கு அந்தக் காலத்தில் பெயர் கிடையாது. எண்பதுகளில் வாரத் தொடர்கள் எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் குடியிருந்த உதவி இயக்குநர் ஒருவர் ஜட்ஜ் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பினார். மின்சார ரயிலில் தினமும் பார்க்கும் ஒரு தலைமை குமாஸ்தாவைக் கைகாட்டினேன். அவர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும், செட்டில் இருந்தவர்கள் தானாக எழுந்து நின்றார்களாம். அன்றிலிருந்து யூனிட்டில் நான் "ஆள் பிடிக்கிற அக்கா" ஆகிவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் வண்டியின் பெண்கள் பெட்டிதான் எனக்கு ஆபீஸ். முகங்களை வெறித்துப் பார்த்துக்கொண்டே போவேன். ஒருமுறை ஓர் அம்மாள் நான் சங்கிலியைக் குறி வைக்கிறேன் என்று பயந்து, குரோம்பேட்டையில் வேறு சீட்டுக்குப் போய்விட்டார். பிறகு அவரையே சமாதானம் பண்ணி ஒரு தொடரில் கலெக்டர் ஆக்கினேன்.

கோவளத்தில் மீன் ஏலம் விடும் ஒரு பெண்மணியைக் கல்லூரி முதல்வராகப் போட்டதும் உண்டு. அவர் ஒரு பார்வை பார்த்தால் வியாபாரிகள் விலை பேசுவதை நிறுத்திவிடுவார்கள். வசனம் கொடுத்தபோது, நான் பார்த்தால் போதாதா, பேசவும் வேண்டுமா என்று கேட்டார். இயக்குநர் வசனத்தை எடுத்துவிட்டார்.

அதாவது, யார் எவராக இருக்கிறாரோ அவரை விட்டுவிட்டு, யாராக ஆகக்கூடும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

பிணத்தைச் சிரிக்க வைப்பது

தணிகாசலம் அண்ணன் கதைக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்து போக விடமாட்டோம். காட்சி முடிந்ததும் அவரை உட்கார வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்போம். அது படத்தில் வராது. கேமராவில் செத்தவர் கேமராவிலேயே பிழைத்துவிட்டார் என்று ஒரு நிம்மதி, அவ்வளவுதான். பகுத்தறிவு பேசுகிற இயக்குநர்களும் இதைத் தவறவிட்டதை நான் பார்த்ததில்லை.

ஆனால் போட்டோவுக்கு என்ன செய்வது? தொடர் என்றால் சுவரில் மாலை போட்ட அப்பா படம் ஒன்று கட்டாயம் வேண்டும். பெரிய நடிகர் யாரும் படம் தரமாட்டார்கள். சின்ன நடிகர்களின் மனைவிமார் தரவிடமாட்டார்கள். மாலைக்குப் போட்டோ தேடி அலைவதுதான் என் வேலையிலேயே பெரிய தலைவலி.

அப்படித் தேடும்போதுதான் தணிகாசலம் அண்ணன் கிடைத்தார். செம்பாக்கத்தில் சிமென்ட், கம்பி, பெயின்ட் விற்கிற கடை வைத்திருந்தார். அவர் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்ததாம், இவர் காலத்தில் பிளாட் விளைந்தது. டிவியில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். நடிக்க வைத்துப் பார்த்தோம், மரக்கட்டை மாதிரி நின்றார். ஆனால் போட்டோவில் அப்படி ஒரு கம்பீரம். மாலை போடுவார்கள் அண்ணா என்று சொல்லித்தான் கேட்டேன். நல்ல ஃப்ரேமாகப் போடச் சொல்லு என்று மட்டும் சொன்னார். வீட்டில் சொல்லவில்லை.

தொடர் செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் வந்தது. கேபிள் ஒயர் தெருத்தெருவாகத் தொங்க ஆரம்பித்திருந்த காலம் அது. வாரா வாரம் கதாநாயகி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுவார். செம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் அண்ணனைப் பார்த்து, "சார், நீங்க செத்துட்டீங்கல்ல?" என்று பள்ளிக்கூடப் பெண்கள் கேட்டார்களாம். அவருக்கு அதில் ஏகப் பெருமை.

தட்டு மாற்றாமல் நின்றது

பெண் மஞ்சுவுக்கு வண்டலூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போய்விட்டது. நிச்சயத் தட்டு மாற்றுவதற்கு நாள் குறிக்க வேண்டிய நேரத்தில், பையனின் அம்மா சரோஜாம்மாவிடமிருந்து தரகர் மூலமாக ஒரு செய்தி வந்தது. டிவியில் மாலையோடு வந்தவர் டிவியிலேயே மாலை இல்லாமல் வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று.

அதற்காகத்தான் கனகவல்லி அக்கா என் வீட்டுக்கு வந்தார். கோபத்தோடு பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று மாடிப்படியில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு ரெண்டு நாளா சோறு துன்னலம்மா" என்றார். போட்டோ கேட்டவள் நான்தானே.

இயக்குநரிடம் ஓடினேன். அப்பா செத்ததில்தான் கதையே நிற்கிறது, அவரை எழுப்பினால் நாம் படுத்துவிடுவோம் என்றார் அவர். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். செத்தவருக்கு பம்பாயில் ஓர் இரட்டைப் பிறவித் தம்பி இருந்ததாக வைத்துக்கொண்டு, தணிகாசலம் அண்ணனை அந்தத் தம்பியாக ஒரு காட்சியில் வரவழைக்கலாம். அண்ணன் சந்தோஷத்தில் குதித்தார். புது சூட்டுக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டார்.

வண்டலூரிலிருந்து பதில் வந்தது. தம்பி வந்தாலும் அண்ணன் செத்தது செத்ததுதானே என்று. நியாயம்தான். எங்கள் கதை இலாகாவை விட சரோஜாம்மாவுக்குக் கதை நன்றாகப் புரிந்திருந்தது.

கடைசியில் வழி சொன்னவர் யூசுப் பாய். தாம்பரம் மார்க்கெட் பக்கம் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். கல்யாண வீடியோவும் எடுப்பார், எங்கள் ஏரியாவுக்குக் கேபிளும் அவர்தான். எல்லாக் கேபிள்காரர்களையும் போல, மத்தியானம் படம் போடவும் ஜவுளிக்கடை விளம்பரம் ஓட்டவும் தனியாக ஒரு சேனல் வைத்திருந்தார்.

"அக்கா, அண்ணன் சும்மா கடையில கீறாப்புல, வூட்ல கீறாப்புல எடுத்துக் குடுங்க. உங்க சீரியல் முடிஞ்ச கையோட நம்ம சேனல்ல வுட்டுடறேன். வண்டலூர்ல எம் மச்சான்தான் கேபிள். அங்கயும் அதே டைம்ல ஓடும்" என்றார்.

கனகவல்லி அக்கா ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "அதே பொட்டிலதான வரும்?"

"அதே பொட்டிலதாங்க்கா."

சும்மா இருப்பது எப்படி

இப்படியாக, ஓர் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று காட்டுவதற்காக ஒரு படம் எடுக்கப் புறப்பட்டேன். அதுவரை நான் எதையும் இயக்கியதில்லை. கேமரா யூசுப் பாயின் கல்யாணக் கேமரா, தோளில் வைத்தால் தோள் ஒரு பக்கம் சாயும்.

கடையில் போய்ப் பார்த்தால், அண்ணன் முகத்தில் பவுடர். போட்டோவில் போட்டிருந்த அதே சட்டை. கேமராவைத் திருப்பியதும் மார்பை நிமிர்த்திக்கொண்டு, கண்ணை இமைக்காமல் நின்றார். பின்னால் சிமென்ட் மூட்டை. மாலை ஒன்றுதான் குறை.

சும்மா இருங்கள் அண்ணா என்றேன்.

"சும்மா இருக்கறதுன்னா எப்டிம்மா? நீ செஞ்சி காட்டு."

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அழச் சொல்லியிருக்கிறேன், முறைக்கச் சொல்லியிருக்கிறேன், ஜட்ஜ் மாதிரி உட்காரச் சொல்லியிருக்கிறேன். தணிகாசலம் அண்ணனைத் தணிகாசலம் மாதிரி இருக்கச் சொல்வதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. பெயின்ட் டப்பாவைத் தூக்கச் சொன்னேன், விளம்பரம் மாதிரி தூக்கினார். வாடிக்கையாளரோடு பேசச் சொன்னேன், வந்தவரும் சேர்ந்து நடிக்க ஆரம்பித்துவிட்டார். இடையில், ஊரே பார்க்கிற டிவிக்காகக் கல்லாப் பணத்தை எண்ணிக் காட்டச் சொன்ன யூசுப் பாயை எல்லோரும் முறைத்தார்கள்.

மத்தியானம் டேப்பைப் போட்டுப் பார்த்தோம். போட்டோவில் இருந்ததைவிட அதிகமாகச் செத்திருந்தார். நான் பயந்துபோனேன். இதைப் பார்த்தால் சரோஜாம்மா சம்பந்தமே வேண்டாம் என்றுவிடுவார். வேறு ஆளைப் போட்டு எடுக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். பழக்க தோஷம். தணிகாசலமாக நடிக்கத் தணிகாசலத்தைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று மனசு தேட ஆரம்பித்துவிட்டது.

உப்புமா

அன்று செவ்வாய்க்கிழமை என்பதையே நாங்கள் மறந்திருந்தோம். மாலையில் அவர்கள் வீட்டில் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தோம். யூசுப் பாய் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கனகவல்லி அக்கா டிவியைப் போட்டார். உள்ளே போய், ஒரு தட்டில் உப்புமாவோடு வந்தார். யாரும் கூப்பிடாமலே அண்ணன் வந்து டிவிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

தொடர் ஆரம்பித்தது. கதாநாயகி வந்தார், படத்தின் முன்னால் விளக்கேற்றினார். மாலையோடு தணிகாசலம் அண்ணன் முகம் திரை முழுக்க வந்தது.

"வாயில போடுய்யா" என்றார் அக்கா.

அண்ணன் ஒரு வாய் போட்டார். அவசரமாக மென்றார். திரையில் காட்சி மாறியதும் கையைத் தட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி படம் வந்தது. அக்கா பேசாமல் முழங்கையால் அவரை இடித்தார். இன்னொரு வாய்.

மஞ்சு என் காதோரம் மெல்லச் சொன்னாள். அம்மாவுக்கு விஷயம் தெரிந்த வாரத்திலிருந்து இப்படித்தானாம். படம் வரும்போதெல்லாம் அப்பா வாயில் ஏதாவது இருக்க வேண்டும். பொங்கலோ, முறுக்கோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி பொட்டுக்கடலை.

என்ன அக்கா இது என்று கேட்டேன்.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். "செத்தவரு துன்னுவாரா?"

திரும்பிப் பார்த்தேன். யூசுப் பாய் ஒயரைச் சுற்றுவதை எப்போதோ நிறுத்திவிட்டு, கேமராவை மடியில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். லைட் போடவில்லை. டியூப்லைட் வெளிச்சம்தான். அண்ணனுக்கு நாங்கள் இருப்பதே நினைவில்லை. திரையில் தன் படத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்து, படம் எப்போது வரும் என்று பயந்து பயந்து தின்றுகொண்டிருந்தார். உதட்டோரம் ஒரு கடுகு ஒட்டியிருந்தது. அக்கா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார்.

அந்த இடத்தில் கேமரா ஆடிவிட்டது. இன்னொரு தடவை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அத்தனை வருஷமும் சொல்லி வந்த வார்த்தை. அன்றைக்கு வரவில்லை. அக்கா அந்த வீட்டில் வாராவாரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை மறுபடி செய்யச் சொல்ல எனக்கு மனசில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தொடர் முடிந்ததும் அது ஓடியது. கடைக் காட்சிகள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு உப்புமாவை மட்டும் வைத்தோம். பின்னால் புல்லாங்குழல் போடலாம் என்றார் யூசுப் பாய், வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உங்கள் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. பெயரே போடாமல் விட்டோம்.

வண்டலூரிலிருந்து வந்தவர்

மறுநாள் சரோஜாம்மா பஸ் பிடித்துத் தனியாக வந்துவிட்டார். கனகவல்லி அக்கா ஆள் அனுப்பி என்னையும் கூப்பிட்டார். ஒடிசலான அம்மாள், நெற்றியில் திருநீறு. நடு ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மஞ்சு கதவுக்குப் பின்னால். அண்ணன் உட்காரவா நிற்கவா என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு சகுனம்லாம் ஒண்ணும் கெடையாது. ஊருக்கு அப்டி சொன்னேன்" என்று ஆரம்பித்தார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"எங்க வூட்டுக்காரரு போயி ரெண்டு வருசம் ஆவுது. ஒரு வாட்டி கூட எனக்கு அழுவ வர்ல. வர்லன்னா வர்ல, நான் இன்னா பண்றது? ஊர்ல ஒரு மாதிரியா பேசிகினாங்க. உங்க சீரியல்ல அந்தப் பொம்பள இவரு போட்டோ முன்னாடி வாராவாரம் எப்டி அழுவுது. இவரு மூஞ்சியப் பாத்தாலே எனக்கு அதான் ஞாபகம் வருது. நாளைக்கு சம்பந்தின்னு வந்துகினு போயிகினு இருப்பாரு. நான் எப்டி இவரு எதிர்ல வந்து நிப்பேன்?"

கனகவல்லி அக்காதான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இப்போ?"

"இப்போ இவரப் பாத்தா உப்புமாதான் ஞாபகம் வருது" என்றார் சரோஜாம்மா.

கதவுக்குப் பின்னால் மஞ்சு சிரித்துவிட்டாள். தை மாதம் தட்டு மாற்றிக்கொள்வது என்று அங்கேயே முடிவானது. அண்ணன் பெருமூச்சு விட்டது தெருவுக்குக் கேட்டிருக்கும்.

நான் கிளம்பும்போது சரோஜாம்மா பின்னாலேயே வந்தார். கொண்டு வந்திருந்த வயர்கூடையை என்னிடம் நீட்டினார். உள்ளே கேசட்டுகள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்கள்.

"இதுல எல்லாத்துலயும் எங்க வூட்டுக்காரரு கீறாரு. போட்டோல முறைச்சிகினு கீறாரு, அது எனக்குத் தெரியாத மூஞ்சிம்மா. இவரு மாதிரி எங்கனா சும்மா குந்தி சாப்புடறாப்புல இருந்தா எடுத்துக் குடேன்."

சரோஜாம்மா தந்த அவர் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யூசுப் பாய் கடையில் உட்கார்ந்து பல மத்தியானங்கள் தேடினோம். பந்தி வரும்போதெல்லாம் டேப்பை மெதுவாக ஓட்டுவோம். வீடியோ லைட் பட்டதும் எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். இலைக்கு இலை பார்த்தோம். அவர் எந்த இலையிலும் இல்லை.

யூசுப் பாய்தான் முதலில் கண்டுபிடித்தார். சரோஜாம்மாவின் வீட்டுக்காரர் பந்தியில் உட்கார்ந்திருக்கவில்லை, பரிமாறிக்கொண்டிருந்தார். இடுப்பில் துண்டு, கையில் சாம்பார் வாளி. குனிந்த முகம் பாதிதான் தெரிந்தது. அடுத்த கேசட்டில் ரசம். அதற்கடுத்ததில் பாயசம். இன்னொன்றில் எல்லோரும் எழுந்து போனபிறகு இலை எடுத்துக்கொண்டிருந்தார். எந்தக் கல்யாணக் கேசட்டிலும் அவர் ஒரு வாய் சாப்பிடுகிற காட்சி இல்லை.

என்ன செய்வது என்று தெரியாமல், இருந்ததையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வைத்தேன். சரோஜாம்மாவைக் கூப்பிட்டு, நீங்கள் கேட்டது இதில் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பரவாயில்லை போடு என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். யூசுப் பாய் திருப்பிப் போட்டார்.

சாம்பார் வாளியோடு அவர் ஒரு சின்னப் பெண்ணின் இலையருகே குனிந்தபோது, சரோஜாம்மா டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"எல்லாருக்கும் போட்டுகினே கீறாரே. வூட்டுக்கு வந்தா, துன்னுட்டேன்டி, துன்னுட்டேன்டின்னுவாரு. எப்போ துன்னாருன்னு நான் ஒரு நாளும் கேக்கலியே."

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. யூசுப் பாய் டேப்பை நிறுத்தப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அழுதுகொண்டே கடைசி வரை பார்த்தார்.